எட்டி நில்!

"எட்டி நில்!" என்பது தமிழன் செவிக்குப் புதுச்சொல் அன்று. குளத்தங்கரையில் கேட்டது, கோயில் வாயிலில் கேட்டது, தேநீர்க் கடையில் கேட்டது, அக்கிரகாரத் தெருமுனையில் கேட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கொரோனாக் கொள்ளைநோய் நாட்டில் பரவியபோது, அதே சொல்லை அரசு கூறிற்று, மருத்துவர் கூறினார், கைப்பேசியும் ஒவ்வோர் அழைப்புக்கும் முன்னே எச்சரித்தது. சொல் ஒன்றுதான், சொன்ன காரணம் வேறு. அந்த வேற்றுமையை மறைத்துப் பழைய சரக்கைப் புதிய கடையில் விற்கும் வாணிகம் ஒன்று அன்று தொடங்கியது. நோய் தணிந்தது, வாணிகம் இன்னும் தணியவில்லை.

அவர்கள் பேச்சைக் கேளுங்கள்: "பார்த்தீர்களா! கைகுலுக்காமல் கும்பிட்டோம், வெளியே சென்று வந்தால் குளித்தோம், கண்டவரையும் தொடாமல் விலகி நின்றோம். தீண்டாமை என்று நீங்கள் தூற்றியதெல்லாம் முன்னோர் வகுத்த சுகாதார விதி. இன்று உலகமே எங்கள் வழிக்கு வந்துவிட்டது!"

எவ்வளவு எளிதாக முடித்துவிட்டார்கள்! நூற்றாண்டுக் கணக்கில் செய்த கொடுமைக்கு ஒரு கிருமியைக் கொண்டு நற்சான்று வாங்கிவிட்டார்களே!

நாம் பாடஞ்சொல்லும் வகுப்பில், கொள்ளைநோய்க் காலத்தைப் பற்றிய பேச்சு வந்தபோது, ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சார், எங்க தாத்தாவுக்கு டீக்கடையில தனி கிளாஸ் வச்சிருந்தாங்களாம். அதுவும் சமூக இடைவெளிதானா?" வகுப்பு சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு விடை கூறும் கடமை ஆசிரியருக்கு உண்டு. அதைவிட அதிகமாக நம் இயக்கத் தோழர்களுக்கு உண்டு.

முதலில் சொல்லை ஆராய்வோம். ஆங்கிலத்தில் வந்த தொடரை நம் நாளேடுகள் 'சமூக விலகல்' என்று மொழிபெயர்த்தன. 'விலக்கு' என்ற சொல்லுக்கு நம் ஊரில் உள்ள பொருள் தெரியாதா? ஊர்விலக்கு, சாதிவிலக்கு! மாதவிடாய்க் காலத்துப் பெண்ணை 'வீட்டுக்கு விலக்கு' என்று திண்ணையில் உட்காரவைத்தோம். 'தூரம்' என்றே அவளது நிலைக்குப் பெயரிட்டோம். அந்தக் குடும்பத்துச் சொல்லைக் கொண்டுவந்து மருத்துவத்துக்குச் சூட்டினால், பழைய பொருளும் உடன் வாராதோ? 2020 மார்ச்சு 20ஆம் நாளே உலக நலவாழ்வு நிறுவனம், விலக வேண்டியது உடல்தான், உறவு அன்று என்று விளக்கி, 'உடல் இடைவெளி' என்னும் பொருள்படும் தொடரைக் கையாளத் தொடங்கியது. நம்மிடையேயும் 'சமூக இடைவெளி' என்றும் 'தனிமனித இடைவெளி' என்றும் திருத்தங்கள் வந்தன. ஆனால் முதலில் நுழைந்த சொல் தன் வேலையைச் செய்துவிட்டது.

"சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுவானேன்?" என்பீர். 2020 ஏப்ரலில் சென்னையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நோயுற்று மாண்ட ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கூட்டம் தடுத்தது. உடலைச் சுமந்து வந்த ஊர்தியின்மீது கல் விழுந்தது. உடன் வந்தோர் அடிபட்டனர். இரவோடிரவாக அடக்கம் நடந்தது. முறைப்படி புதைத்த உடலிலிருந்து இந்நோய் பரவாது என்று மருத்துவர்கள் கூறியும் பயனில்லை. அடக்கத்தைத் தடுப்பது குற்றம் என அரசு அவசரச் சட்டமே பிறப்பிக்க நேர்ந்தது. மார்ச்சு 22 அன்று தட்டைத் தட்டி மருத்துவரைப் பாராட்டிய நாடு, அடுத்த திங்களே அவருக்கு ஆறடி மண்ணை மறுத்தது! நோய்க்கு அஞ்சியவர் கிருமியைக் கண்டு விலகுவார். தீட்டுக்கு அஞ்சியவரே பிணத்தைக் கண்டு கல் எறிவார். மருத்துவம் சொன்ன 'இடைவெளி' நம் மக்கள் செவியில் 'தீட்டு' என்றே விழுந்தது.

இனி அந்தச் 'சுகாதார' வாதத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றே கேள்விகள் கேட்கிறோம்.

அளவு எவ்வளவு? இருமலிலும் பேச்சிலும் தெறிக்கும் துளி எவ்வளவு தொலைவு செல்லும் என்று ஆராய்ந்து, ஒரு மீட்டர் என்றும் ஆறு அடி என்றும் மருத்துவர் கூறினர். மூடிய அறையில் நோய் காற்றிலும் மிதந்து செல்லும் என்பது தெளிவானபோது, இடைவெளி மட்டும் போதாது, சன்னலைத் திறந்துவையுங்கள், முகக்கவசம் அணியுங்கள் என்று அறிவுரையை மாற்றினர். அறிவியல் தன் பிழையைத் தானே திருத்தும். சாதியின் அளவோ! மலையாள நாட்டைச் சுற்றிப் பார்த்த பிரான்சிசு புக்கானன் 1807இல் வெளியான தம் நூலில் குறித்துள்ளார்: நம்பூதிரியிடமிருந்து தீயர் 36 காலடி, புலையர் 96 காலடி விலகி நிற்க வேண்டுமாம். தீயரிடம் 36 அடி பறந்த கிருமி, புலையரிடம் 96 அடி பறந்ததோ? எந்த ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள்? 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமை கேட்டுப் பெரியாரும் தோழர்களும் சிறை சென்றார்களே, அவர்கள் எதிர்த்தது சுகாதார விதியையா?

யாருக்கு? ஆறடி இடைவெளி அமைச்சருக்கும் உண்டு, அங்காடியில் மூட்டை சுமப்பவருக்கும் உண்டு. என்னிடமுள்ள நோய் உனக்கு வந்துவிடக் கூடாதே என்று நானும், உன்னுடையது எனக்கு வரக்கூடாதே என்று நீயும் விலகுவது அது. சாதியின் இடைவெளி ஒருவழிப் பாதை. சேரிக்காரர் நட்ட நாற்று தீட்டில்லை. அறுத்த நெல் தீட்டில்லை. அடித்த களத்து மணி தீட்டில்லை. அவர் நிழல் மட்டும் தீட்டு! வாந்திபேதி தண்ணீரால் பரவுகிறது என்பதை 1854இல் இலண்டன் நகரில் ஜான் ஸ்நோ எடுத்துக்காட்டினார். அதற்கு மருந்து, எல்லோருக்கும் நல்ல நீர். நம் 'சுகாதார' முன்னோர் செய்ததென்ன? நல்ல கிணற்றை ஒரு சாராருக்குப் பூட்டி, கலங்கல் குட்டைக்கு அவர்களைத் துரத்தினர். அது நோயைத் தடுக்கும் விதியா, வளர்க்கும் விதியா?

எதுவரை? இதற்கு விடையை எங்கள் திருவண்ணாமலையே கூறும். 2020இல் முழுநிலா நாட்களின் கிரிவலம் நிறுத்தப்பட்டது. பல இலட்சம் கால்கள் நடந்த 14 கிலோமீட்டர்ப் பாதை வெறிச்சோடியது. அவ்வாண்டு நவம்பர் 29 அன்று, 2,668 அடி உயர மலையில் கார்த்திகைத் தீபம் எரிந்தது, தேரோட்டம் இல்லை, வெளியூர்க் கூட்டம் இல்லை, ஊரார் மொட்டைமாடியில் நின்று பார்த்தனர். ஆகமம் மாற்ற முடியாதது என்றவர்களே மாற்றிக்கொண்டனர். 2022இல் தடை நீங்கியது, கூட்டம் திரும்பியது. இரண்டே ஆண்டு! மருத்துவத்தின் இடைவெளிக்கு முடிவு உண்டு.

அதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் முதன்முறையாகக் காலெடுத்து வைத்தது எப்போது? 2023 சனவரி 30. காவலர் புடைசூழ, அதிகாரிகள் முன்செல்ல, ஏறத்தாழ 80 ஆண்டுத் தடைக்குப் பின்! 1947இலேயே சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்துவிட்டது. 1950இல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டது. கொரோனாவுக்கு இரண்டாண்டில் முடிவு கண்ட மாவட்டம், இந்த 'நோய்த்தடுப்பை' மட்டும் தலைமுறை தலைமுறையாகக் காத்தது. எந்த நோய்க்கு ஐயா இந்தத் தடுப்பு?

எதிரிகளை மட்டும் கடிந்துவிட்டு அமைவது நேர்மையன்று. நம்மையும் கேட்டுக்கொள்வோம். கோயில் கதவு சாத்தியதும் நம் தோழர் சிலர் கைகொட்டிச் சிரித்தனர். பூ தொடுத்தவள், இளநீர் விற்றவர், ஆட்டோ ஓட்டியவர் ஆகியோரின் அடுப்பும் அந்தக் கதவோடு சேர்ந்து அணைந்ததே. அதைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? ஓரறை வீட்டில் ஆறு பேர் படுக்கும் குடும்பத்துக்கு ஆறடி இடைவெளி எங்கே கிடைக்கும் என்று எத்தனை மேடையில் கேட்டோம்? தேர்க்கூட்டத்தை இகழ்ந்த நாம், 2021 ஏப்ரல் 6 வாக்குப்பதிவுக்கு முன்னே தேர்தல் கூட்டங்களில் தோளோடு தோள் உரசி நின்றோமே! கிருமிக்குக் கொடியின் நிறம் தெரியாது. பகுத்தறிவு பிறர் மூடத்தனத்தை அளக்கும் கோல் மட்டுமன்று. நம் நடையையும் அதே கோலால் அளக்க வேண்டும்.

அந்த மாணவனுக்கு நாம் கூறிய விடை இது: "இல்லை, தம்பி. உன் தாத்தாவுக்கு வைத்த தனிக் குவளைக்குக் கிருமி காரணமில்லை. அவர் காய்ச்சலில் கிடந்தபோதும் அதே குவளை. உடல் தேறி வந்தபோதும் அதே குவளை. நோயைப் பார்த்து வைத்ததாக இருந்தால், நோய் தீர்ந்தபின் எடுத்திருப்பார்கள்."

நாளை வேறொரு கொள்ளைநோய் வரலாம். மருத்துவர் சொன்னால் ஆறடி விலகி நிற்போம். பத்தடி என்றால் பத்தடி நிற்போம். போதும் என்றால் நெருங்கி வருவோம். ஆனால், "இதைத்தான் அன்றே சொன்னோம்" என்று எவரேனும் தீட்டை எடுத்து வந்தால், தோழர்களே, அளவு எவ்வளவு, யாருக்கு, எதுவரை என்னும் மூன்று கேள்விகளையும் தெருவில் கேளுங்கள், தேநீர்க் கடையில் கேளுங்கள், வகுப்பறையில் கேளுங்கள். விடை வரும்வரை விடாதீர்கள்!