சாம்சங் வேலைநிறுத்தமும் ஹாஃப்ஸ்டெட் அட்டவணையும்

2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 37 நாள் நடந்தது. அந்த நாட்களில் எங்கள் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் திரும்பத் திரும்ப வந்த விளக்கம் ஒன்றுதான்: "இது கல்ச்சர் பிரச்சினைங்க. கொரியாக்காரன் வேலை செய்யற விதம் வேற, நம்ம ஆளுங்க வேற. ஒத்துப்போகாது." சொன்னவர்களில் இரண்டு பேர் எம்.பி.ஏ. நான் வெறும் பி.இ. ஆனாலும் அந்த விளக்கம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதைச் சோதித்துப் பார்த்த குறிப்பு இது.

முதலில் இந்த விளக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம்.

ஐடி துறையில் ஆன்சைட் போனவர்கள் பலருக்கும் ஒரு அரை நாள் வகுப்பு ஞாபகம் இருக்கும். எனக்கும் நடந்தது. ஒரு ஸ்லைடில் கம்பங்களாக ஒரு வரைபடம் போட்டார்கள். "அதிகார இடைவெளி: இந்தியா 77, அமெரிக்கா 40." மேலே இருப்பவர் சொன்னால் கீழே இருப்பவர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வது எந்த அளவுக்கு இயல்பாக இருக்கிறது என்பதன் அளவு அது. பயிற்சி கொடுத்தவர் சொன்னார்: "உங்களுக்கு முடியாதுன்னு சொல்ல வராது. அது உங்க கல்ச்சர். அங்க போய் அதை மாத்திக்கணும்." அறையே சிரித்தது. நானும் நம்பினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ரிலீஸ் தேதி தாங்காது என்று தெரிந்தது. நான் சொன்னேன். மெயிலிலேயே எழுதினேன். என் மேலாளர் அதை மேலே அனுப்பவில்லை. தேதி தவறியது, வாடிக்கையாளர் கத்தினார். பிறகு நடந்த கூட்டத்தில் வந்த முடிவு: "இந்தியக் குழு பிரச்சினைகளை முன்கூட்டியே சொல்வதில்லை, அது ஒரு கலாச்சாரச் சவால்." நான் சொல்லியிருந்தேன். அதைக் கேட்கவேண்டியவருக்கு அது போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஸ்லைடு இருந்ததால் யாரும் மெயிலைத் தேடிப் பார்க்கவில்லை.

அந்த எண்களைக் கொடுத்தவர் ஹீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர். ஐபிஎம் நிறுவனத்தின் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த 1 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை வைத்து 1980-ல் நூல் எழுதினார். அதிலிருந்துதான் நாட்டுக்கு நாடு மதிப்பெண் வந்தது. நிர்வாகவியல் பாடப்புத்தகங்களில் இன்றைக்கும் இந்த அட்டவணை இருக்கிறது.

உழைப்பு பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, எல்லோரும் ஒரே நிறுவனத்து ஊழியர்கள். அன்றைய இந்தியாவில் ஐபிஎம் ஊழியர் எத்தனை பேர், அவர்கள் எந்தத் தரப்பு மக்கள்? மொத்த இந்தியாவுக்கும் அவர்கள் சாம்பிள் ஆவார்களா? ஐபிஎம்மே 1978-ல் இந்தியாவை விட்டுப் போய்விட்டது. பிரண்டன் மெக்ஸ்வீனி என்பவர் 2002-ல் எழுதிய விமர்சனக் கட்டுரையில் பாகிஸ்தானைக் காட்டுகிறார்: முதல் சுற்றில் அங்கே பதில் சொன்னவர்கள் 37 பேர், இரண்டாம் சுற்றில் 70 பேர். மொத்த எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டினாலும் ஒரு நாட்டின் பண்பாட்டைத் தீர்மானித்தது சில இடங்களில் ஒரு டவுன் பஸ் கூட்டம்தான்.

இரண்டு, ஹாஃப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார்: நாட்டின் சராசரியைத் தனி மனிதன் மேல் போடக்கூடாது என்று. பயிற்சி வகுப்பில் நடப்பதோ அதேதான்.

சரி, அட்டவணை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதை வைத்துச் சுங்குவார்சத்திரத்தைக் கணிக்க முடிகிறதா?

அதிகார இடைவெளியில் தென் கொரியாவுக்கு 60, இந்தியாவுக்கு 77. அதாவது அட்டவணைப்படி கொரியத் தொழிலாளியைவிட இந்தியத் தொழிலாளிதான் மேலிடம் சொல்வதற்கு அதிகம் தலையாட்ட வேண்டும். கொரிய மேலாளருக்கு இங்கே வேலை சுலபமாக இருந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? சுமார் 1,800 பேர் வேலை செய்யும் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு மாதத்துக்கும் மேல் சம்பளம் இல்லாமல் பந்தலில் உட்கார்ந்தார்கள். கணிப்பு தலைகீழ். ஒரு மாடல் இவ்வளவு தப்பாகக் கணித்தால் நாங்கள் அதை ப்ரொடக்‌ஷனில் இருந்து எடுத்துவிடுவோம். நிர்வாகவியலில் மட்டும் அதே மாடலை வைத்து, நடந்து முடிந்த பிறகு விளக்கமும் சொல்லிக்கொள்கிறார்கள்.

இதைவிட முக்கியமான சான்று கொரியாவிலேயே இருக்கிறது. சுங்குவார்சத்திரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 2024 ஜூலை 8 அன்று, கொரியாவில் சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. 1969-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் வரலாற்றில் அதுதான் முதல் பொது வேலைநிறுத்தம். அங்கே முதலாளியும் கொரியர், தொழிலாளியும் கொரியர். மொழி ஒன்று, சாப்பாடு ஒன்று. எந்தக் கலாச்சாரம் எதோடு மோதியது?

தொழிற்சங்கம் இல்லாமல் ஆலை நடத்துவது என்பது சாம்சங்கை நிறுவிய லீ பியுங் சுல் காலத்திலிருந்து வந்த கொள்கை. 2020 மே மாதம் அவர் பேரன் லீ ஜே யோங் பொதுமேடையில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, இனி 'சங்கம் இல்லாத நிர்வாகம்' என்ற பேச்சே வராது என்றார். சாம்சங் எலக்ட்ரானிக்ஸில் முதல் கூட்டு ஒப்பந்தம் 2021-ல்தான் கையெழுத்தானது. சுங்குவார்சத்திரம் ஆலை தொடங்கியது 2007-ல். தாய் நிறுவனம் சங்கத்தை ஏற்காத காலத்தில் இங்கே வந்து, அந்தப் பழக்கத்தையும் இறக்குமதி செய்த ஆலை அது. தாய் வீட்டில் மன்னிப்புக் கேட்ட பிறகும் கிளை வீட்டில் பழைய பழக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மெயின் சர்வரில் பேட்ச் போட்டாயிற்று, பிராஞ்சில் பழைய வெர்ஷன்.

ஒப்பிட இன்னொரு கொரிய நிறுவனம் அதே பகுதியிலேயே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் 1998-லிருந்து கார் தயாரிக்கிறது. அங்கேயும் ஆரம்பத்தில் எல்லாம் சுமுகம் இல்லை. 2007-ல் உருவான ஒரு சங்கத்தை நிர்வாகம் ஏற்கவில்லை, அடுத்த சில வருடங்கள் வேலைநிறுத்தங்கள் நடந்தன. அந்த முதல் சங்கத்துக்குக் கடைசி வரை நியாயம் கிடைத்ததா என்பது தனி விவாதம். ஆனால் பிற்பாடு வேறொரு சங்கத்தை அங்கீகரித்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதோடு உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடும் நடைமுறை வந்துவிட்டது. அதே நாடு, அதே மாவட்டம், அதே தமிழ்த் தொழிலாளி. பண்பாடுதான் காரணம் என்றால் இரண்டு ஆலையிலும் ஒரே முடிவு வந்திருக்க வேண்டும்.

அப்படியானால் சுங்குவார்சத்திரத்தில் பிரச்சினை எது? என் வாசிப்பில் அது 2024 அக்டோபர் 7 அன்று பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கு நிர்வாகம் தொழிலாளர் குழு ஒன்றோடு ஒப்பந்தம் போட்டது. 2025 மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் இடைக்கால ஊக்கத்தொகை உட்படச் சில சலுகைகள். போராடியவர்கள் அதை ஏற்கவில்லை. காசு வேண்டாம் என்று அர்த்தமில்லை, சம்பள உயர்வும் அவர்கள் கோரிக்கைதான். அவர்கள் கேட்டது, எங்கள் சார்பில் பேசும் ஆளை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம், அவரோடு பேசுங்கள் என்பது. நிர்வாகம் காசு கொடுக்கத் தயாராக இருந்தது. யாரோடு பேசுவது என்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தது.

சங்கத்தின் பதிவும் அப்படித்தான் இழுத்தது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி பதிவுக்கு விண்ணப்பித்தார்கள். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கக்கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. விஷயம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு ஆனது. மறு மாதமே சங்க நிர்வாகிகள் 3 பேர் சஸ்பெண்ட் ஆனதை ஒட்டி இன்னொரு போராட்டம். கடைசியில் 2025 மே மாதம் அதே சங்கத்தோடு சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானது. எட்டு மாதம் கழித்து வந்து சேர்ந்த இடத்துக்கு முதல் வாரத்திலேயே வந்திருக்கலாம். நடுவில் பறிபோனது தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளம், சிலருக்கு வேலையே ஆட்டம் கண்டது.

வெளிநாட்டுக்கு விரியும் நிறுவனம் மெஷினைக் கொண்டுவருகிறது, தர அளவைக் கொண்டுவருகிறது, உற்பத்தி இலக்கைக் கொண்டுவருகிறது. குறை மேலே போகும் வழியை மட்டும் உள்ளூரில் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறது. அந்த யாரோவுக்கு, கெட்ட செய்தியை மேலே அனுப்பாமல் இருப்பதில்தான் நன்மை. கோலார் பக்கம் நரசாபுராவில் தைவானைச் சேர்ந்த விஸ்ட்ரான் ஆலை 2020 டிசம்பர் 12 அன்று அடித்து நொறுக்கப்பட்டது. ஆப்பிள் பிறகு வெளியிட்ட அறிக்கையில் இருந்தது மிகச் சாதாரண விஷயம்: வேலை நேரத்தைச் சரியாகக் கணக்கெடுக்கும் நடைமுறை இல்லை, அதனால் அக்டோபர், நவம்பரில் சிலருக்குச் சம்பளம் தாமதமானது. அடித்து நொறுக்கியதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இரண்டு மாதமாக எர்ரர் லாகில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது, அதைத் திறந்து பார்க்க ஆள் இல்லை.

பண்பாட்டு வித்தியாசமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மொழி தெரியாத மேலாளர், கத்திப் பேசும் பழக்கம், விடுப்புக் கேட்டால் முகம் சுளிப்பது, எல்லாம் உரசல்தான். ஆனால் உரசல் இருந்தால் பேசித் தீர்க்க இடம் வேண்டும். அந்த இடத்தை அடைத்துவிட்டு உரசலைக் குறை சொல்வது தப்பு.

கொரியாக்காரனை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. நாங்களும் வெளிநாட்டுக்கு விரிகிறவர்கள்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் குறைவு, ஆப்பிரிக்காவுக்கும் இங்கிருந்து வண்டியும் ஆளும் போகிறது. எங்க பெரியப்பா பையன் ஒருத்தர் அப்படி இரண்டு வருடம் அங்கே மேனேஜராக இருந்தவர். ஒருநாள் உள்ளூர் ஆட்கள் மொத்தமாக வேலையை விட்டுப் போய்விட்டார்கள், வண்டி காட்டில் நின்றது. இங்கிருந்த முதலாளி போனில் சொன்னாராம்: "அந்த ஊர்க்காரனுங்க அப்படித்தான், வேலைக்கு வணங்கமாட்டானுங்க."

நான் அவரிடம் கேட்டேன், "நெசமாவாண்ணா?"

"அட போ தம்பி. மூணு வாரமா அவங்களுக்குப் பேட்டா போடல. கணக்குப் பார்க்கறவரு இங்க உக்காந்திருக்காரு, அங்க அரிசி என்ன விலை விக்குதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? நான் நாலு தடவ சொன்னேன். 'நீயே அட்ஜஸ்ட் பண்ணிக்கோ'ன்னாரு. நான் எங்க போய் அட்ஜஸ்ட் பண்றது?"

'அந்த ஊர்க்காரனுங்க அப்படித்தான்' என்பதும் 'கலாச்சாரச் சவால்' என்பதும் ஒரே வாக்கியம்தான். இரண்டாவதற்கு ஸ்லைடு இருக்கிறது, முதலாவதற்கு இல்லை. நம் ரிக் வண்டிகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் இன்று வேலை செய்யும் வடமாநிலப் பையன்களைப் பற்றி நாம் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான்.

அதனால் எனக்காக ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். யாராவது 'கல்ச்சர்' என்று சொன்னால் இரண்டு கேள்வி கேட்கிறேன். இதே நிறுவனத்துக்கு இதே பிரச்சினை சொந்த ஊரில் வந்திருக்கிறதா? இந்தக் குறையை முதலில் யார் யாரிடம் சொன்னார்கள், அது எந்த மேசையில் நின்றது? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்கும். ஒரு மெயிலாகவோ, ஒரு போன் காலாகவோ.

2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நூற்றைம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போய், மற்றவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, அதையும் இதே இரண்டு கேள்வியோடு பார்க்க வேண்டும். அது அடுத்த குறிப்பில். இதில் தகவல் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.