சாம்பல் எங்கே கெடுகிறது? எப்சன் பி900இல் கருப்பு வெள்ளை அச்சு

கருப்பு வெள்ளைப் படம் அச்சில் சரியாக வராவிட்டால் பழி முதலில் பிரிண்டர் மேல்தான் விழும். நிழல் அடைத்துக்கொண்டது, முகம் மங்கிக் கிடக்கிறது, சாம்பலில் பச்சை அடிக்கிறது என்பவைதான் வழக்கமான புகார்கள். எப்சன் ஷ்யூர்கலர் பி900ஐக் கருப்பு வெள்ளைக்கென்றே ஓட்டிப் பார்த்தபின் என் முடிவு இது: இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை மை தாளைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

2020இல் வந்த பிரிண்டர் இது. 17 அங்குல அகலம் வரை அடிக்கும். பத்து மைகளில் நான்கு கருப்புக் குடும்பம்: போட்டோ பிளாக், மேட் பிளாக், கிரே, லைட் கிரே. முந்தைய பி800இல் போட்டோ பிளாக்கும் மேட் பிளாக்கும் ஒரே வழியைப் பகிர்ந்துகொண்டன. தாளின் வகை மாறும்போதெல்லாம் மை வீணாகும். இதில் இரண்டுக்கும் தனித்தனி நாசில். ஒரே படத்தை மேட் தாளிலும் பளபளப்பான பரைட்டாத் தாளிலும் அடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் இந்த ஒன்றுக்காகவே பி900ஐ வாங்கலாம் என்பேன்.

டிரைவரில் ‘அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்’ என்றொரு முறை உண்டு. 2005இல் எப்சனின் ஆர்2400 பிரிண்டர் காலத்தில் வந்தது. சாதாரணக் கலர் முறையில் சாம்பலை உண்டாக்க சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் தாராளமாகக் கலக்கும். இந்த முறையில் கருப்பும் கிரேக்களும் சுமையைத் தாங்கும், வண்ண மை சாயலுக்காகக் கொஞ்சம்தான் சேரும். பச்சை அடிக்கிறது என்று வருத்தப்படுகிறவர்களில் பலர் கலர் முறையில் அடித்தவர்களாக இருப்பார்கள்; அல்லது போட்டோஷாப்பும் டிரைவரும் ஒரே நேரத்தில் வண்ணத்தைத் திருத்த விட்டவர்களாக இருப்பார்கள். அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் முறையில் அடிக்கும்போது வண்ணப் பொறுப்பைப் பிரிண்டரிடமே விட்டுவிட வேண்டும்.

அடுத்தது ஸ்டெப் வெட்ஜ். இதைச் செய்யாமல் படத்தில் கை வைப்பது வீண். வெள்ளையிலிருந்து கருப்புவரை 5 சதவீத இடைவெளியில் 21 கட்டங்கள். படத்தை அடிக்கப்போகும் அதே தாளில், அதே அமைப்பில் அடித்து, ஓர் இரவு காயவிட்டுப் பாருங்கள். 90, 95, 100 மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால் படத்தில் நிழலைத் தூக்கிப் பயனில்லை. டிரைவரில் தாள் வகை தவறாக இருக்கலாம், டோன் ‘டார்க்கர்’ அல்லது ‘டார்க்கஸ்ட்’ என்று நிற்கலாம். வெளிர்ந்த கட்டங்களில் கோடு கோடாக வந்தால் நாசில் சோதனை அடித்து லைட் கிரேயைக் கூர்ந்து பாருங்கள். வெளிர் மை விட்டுப்போனால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கட்டங்கள் ஒழுங்காக இறங்கினால் பிரிண்டரை விட்டுவிட்டு ஃபைலுக்கு வாருங்கள்.

ஃபைலில் அடிக்கடி ஒளிந்திருப்பது கிரே ப்ரொஃபைல். போட்டோஷாப்பில் கிரேஸ்கேலாக மாற்றும்போது ‘டாட் கெயின் 20%’ ஒட்டிக்கொண்டால் அதே எண்கள் ‘கிரே காமா 2.2’இல் வேறு சாம்பலாகிவிடும், நடுச் சாயல் இடம் மாறும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை மாற்றாமலிருங்கள். என் தேர்வு காமா 2.2, 16 பிட்.

மானிட்டரின் வெளிச்சமும் ஏமாற்றும். பெட்டியைப் பிரித்த நிலையில் பல மானிட்டர்கள் மிகையாக எரிகின்றன; அதில் பளிச்சென்று தெரிந்த படம் தாளில் இருண்டு வரும். சதுர மீட்டருக்கு 80 முதல் 100 கேண்டெலா என்று வைத்துப் படத்தைத் திருத்தினால் பாதித் தகராறு தீரும்.

மீதி, தாளின் எல்லை. பருத்தி மேட் தாளில் கருப்பின் அடர்த்தி ஏறக்குறைய 1.7, நல்ல பரைட்டாவில் 2.3ஐத் தொடும். அதாவது மேட் கருப்பு தன்மேல் விழும் ஒளியில் 2 சதவீதத்தைத் திருப்பியனுப்புகிறது, பரைட்டா அரை சதவீதத்தை. நான்கு மடங்கு வித்தியாசம். கரிய இரவுக் காட்சியை மேட்டில் அடித்துவிட்டு ஆழமில்லை என்று ஸ்லைடரைத் தள்ளிக்கொண்டிருப்பது நிழலைத்தான் கொல்லும். பளபளப்பான தாளுக்கு டிரைவரின் கார்பன் பிளாக் முறை, கருப்பின் மேல் லைட் கிரேயைப் பூசி ஆழம் கூட்டுகிறது. ஆனால் மை படாத வெள்ளையும் மை படிந்த இடமும் வெவ்வேறாக மினுங்குவதைத் தடுக்கத் தெளிபூச்சு மை இதில் இல்லை. கேனான் ப்ரோ-1000இல் அதற்கென்றே க்ரோமா ஆப்டிமைசர் இருக்கிறது. பரைட்டாவில் மட்டுமே அடிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

பி900இன் கருப்பு வெள்ளை முறையில் எனக்குள்ள பெரிய மனக்குறை, அது கண்ணைக் கட்டி வேலை வாங்குகிறது என்பது. அதற்கென்று ஐசிசி ப்ரொஃபைல் தரப்படுவதில்லை. அச்சு எப்படி வரும் என்று திரையில் முன்கூட்டிப் பார்க்க நேரடி வழியில்லை. 50 மில்லி கார்ட்ரிட்ஜ்களை வைத்துக்கொண்டு அடித்தடித்துத் திருத்துவது செலவு பிடித்த வேலை. ராய் ஹாரிங்டனின் குவாட்டோன் ரிப் போன்ற மென்பொருள் இங்கேதான் உதவும்: ஸ்டெப் வெட்ஜை அளந்து, சாம்பல் சீராக இறங்கும் வளைவைத் தாளுக்கேற்ப நாமே அமைக்கலாம். அளக்கும் கருவி வாங்க வேண்டும், கற்கவும் நாள் பிடிக்கும். கண்காட்சிக்கு அடிப்பவர்களுக்கு அது தகும். வீட்டுச் சுவருக்கும் ஆல்பத்துக்கும் அடிப்பவர்களுக்கு டிரைவரும் அந்த 21 கட்டங்களும் போதும்.