ஏழு மணி, ஒன்பது மணி

சீனாவில் இரவு ஏழு மணிச் செய்தி அரை மணி நேரம். அரசு டி.வி.யில் 1978-லிருந்து வருகிறது. மாகாண சேனல்களும் அதையே அஞ்சல் செய்கின்றன. தலைவர் கை குலுக்கினார், தலைவர் ஆலையைப் பார்வையிட்டார், விளைச்சல் அமோகம். சத்தம், சண்டை கிடையாது. நம் ஊரில் ஒன்பது மணிக்குத் திரையில் எட்டு ஜன்னல். எட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். என்னதான் நடந்தது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

'இதுக்கு அதுவே தேவலை சார்' என்கிறார்கள் சில நண்பர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

2003 ஏப்ரல். சார்ஸ் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம். பெய்ஜிங்கில் 12 பேருக்குத்தான் நோய், செத்தவர்கள் 3 பேர் என்றார் சுகாதார அமைச்சர் ஜாங் வென்காங். ஜியாங் யான்யோங் என்ற ஓய்வுபெற்ற ராணுவ டாக்டருக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஓர் ஆஸ்பத்திரியிலேயே 60 நோயாளிகள், 7 சாவு என்று இரண்டு சேனல்களுக்கு எழுதிப் போட்டார். இரண்டுமே மூச்சு விடவில்லை. கடிதம் கசிந்து, அமெரிக்காவின் டைம் பத்திரிகையில் வந்த பிறகுதான் குட்டு உடைந்தது. அதே மாதம் அமைச்சர் பதவி காலி. மறைத்த ஒவ்வொரு நாளும் நோய் பரவியதே, அதை யார் கணக்கில் எழுதுவது?

சரி, நாம் ரொம்ப யோக்கியமா? 2009 தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு வேட்பாளர் புகழைச் செய்தி மாதிரியே அச்சடித்தன சில பத்திரிகைகள். பிரஸ் கவுன்சில் அமைத்த இருவர் குழு விசாரித்து, பெயர்களோடு 71 பக்க அறிக்கை கொடுத்தது. 2010-ல் கவுன்சில் வெளியிட்டதோ ஒரு சுருக்கம்தான். பெயர்கள் அம்பேல்! மறைக்கச் சொல்லி இங்கே எந்தக் கட்சியும் உத்தரவு போடவில்லை. பத்திரிகைக்காரர்களும் முதலாளிகளும் உட்கார்ந்திருக்கிற சபையே செய்த வேலை அது.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்க, மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட, 2011-ல் முழு அறிக்கையும் வெளியே வந்தது. அங்கே உண்மை வெளிநாடு போய்த் திரும்ப வேண்டியிருந்தது. இங்கே ஒரு மனு போதுமானதாக இருந்தது. இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் அதுதான். பெருமைப்பட இவ்வளவுதான் இருக்கிறது. எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பின் 2025 பட்டியலில் 180 நாடுகளில் சீனா 178, நாம் 151.

சீனாக்காரருக்குத் தன் செய்தியை யார் எழுதச் சொன்னார்கள் என்று தெரியும். நமக்கு அதுகூடத் தெரியாது. இன்று ஒன்பது மணிக்கு ரிமோட்டை எடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தச் செய்திக்குக் காசு கொடுத்தது யார்?