தாராவி இளைஞர் பாட்டும் பண்பாட்டு நிகழ்ச்சிகளின் மொழியும்

மும்பைத் தமிழரை முன்னிறுத்தும் பண்பாட்டு முயற்சிகளில் தாராவி இளைஞர்க்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் பார்வையாளர் இடமே. நிகழ்ச்சியின் மொழியை அவர்களே வகுத்த சூழல்கள் அரியன. அவற்றுள் ஒன்று, 2018 ஜூனில் வெளிவந்த பா. இரஞ்சித்தின் ‘காலா’. சந்தோஷ் நாராயணன் இசையமைத்த அப்படத்தில் ‘டோபடெலிக்ஸ்’ என்னும் தாராவி ராப் குழுவினர் சில பாடல்களை எழுதுவதில் பங்குகொண்டு, பாடியும் உள்ளனர், படத்தினுள்ளும் தோன்றுகின்றனர்.

இவ்விளைஞரைப் ‘புலம்பெயர்ந்தோர்’ என வகைப்படுத்துவதிலேயே ஓர் இடர்ப்பாடு உண்டு. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் தொழிலை நாடி வந்தோரின் வழியினர் பலர் தாராவியிலேயே பிறந்தவர்கள். பெயர்ந்தது பாட்டன் தலைமுறை. பேரர்களிடம் எஞ்சியிருப்பது அப்பெயர்ச்சியின் மொழி மட்டுமே. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்திவருகிறது எனினும், தெருவின் பொதுமொழி இந்தியும் மராத்தியுமே. வீட்டில் நெல்லைத் தமிழும் வெளியில் மும்பை இந்தியும் வழங்கும் இந்நிலையில், மொழிக்கலப்பைச் சிதைவு என்று கொள்வதைவிட இருவேறு உறவுகளைக் குறிக்கும் உத்தி என்று கொள்வதே பொருந்தும்.

இதற்கு அப்படத்தின் புகழ்பெற்ற வசனம் ஒன்றே சான்றாகும். எதிரிகளை நோக்கிக் காலா பேசும் அவ்வுரை இந்தி வினாச்சொல்லோடும் ‘ரே’ என்னும் விளியோடும் தொடங்குகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல் ஒன்று தமிழின் ‘ஆ’ என்னும் வினா இடைச்சொல்லை ஏற்கிறது. இறுதியில் நெல்லை வழக்காகிய ‘லே’ வருகிறது. ‘ரே’, ‘லே’ இரண்டும் மரியாதையற்ற விளிகளே. எனினும் முன்னது நகரத்தின் விளி, பின்னது ஊரின் விளி. ஓர் உரைக்குள் இரண்டும் நிற்பதால் பேசுபவன் இரண்டிற்கும் உரியவன் என்பது விளக்கமின்றியே புலனாகிறது.

இங்கு ஒரு குறையையும் சுட்டவேண்டும். இவ்வசனம் தமிழகத்து எழுத்தாளர்களின் ஆக்கம். தாராவிக் காட்சிகளுள் பெரும்பகுதியும் சென்னையில் எழுப்பப்பட்ட அரங்கில் படமாக்கப்பட்டவை. ஆகவே தாராவி இளைஞரின் பங்கு பாடல்களின் எல்லையில் நின்றுவிட்டது. கதையையும் உரையாடலையும் வகுக்கும் நிலையில் அவர்கள் குரல் முதன்மை பெறவில்லை. பாட்டில் இடமளித்துப் பேச்சில் அளிக்காமை முழுமையான பங்கேற்பு ஆகாது.

‘ஸ்நேஹா’ அமைப்பு 2015இல் தாராவியில் நடத்திய ‘ஆலி கல்லி பியெனாலே’ வேறொரு நெறியைக் கைக்கொண்டது. அங்கு வாழ்வோரே பட்டறைகளில் கலைப்பொருள்களை உருவாக்கினர். ஆயினும் உடல்நலம் என்னும் பொருள் அமைப்பாளரின் பணியிலிருந்து வந்தது. திரைப்படம் கதையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பாட்டைத் தந்தது. இம்முயற்சி பொருளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு கைவினையைத் தந்தது. மாதுங்காவை அடுத்த சண்முகானந்த அரங்கு, செம்பூர் பைன் ஆர்ட்ஸ் சொசைட்டி ஆகியவற்றின் இசை, நடன மேடைகள் வேறு மரபின. அவை தம் நோக்கிற்கு உண்மையாகவே இயங்குகின்றன, அவற்றைக் குறைகூறுவதற்கில்லை. அம்மேடைகளின் தமிழே மும்பைத் தமிழ் முழுவதும் என்று கொள்ளும் ஆய்வுரைகள்தாம் மறுக்கத்தக்கன.

மொழிபெயர்ப்பாளர்க்கு இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. ‘காலா’ இந்தியிலும் வெளியிடப்பட்டது. உரை முழுவதும் இந்தியாகும்போது ‘ரே’ என்பது வேற்றுமொழி விளியாக ஒலிக்க வழியில்லை. கலப்பினால் விளைந்த பொருள் அடியோடு மறைகிறது. இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. தமிழில் இந்தி நின்ற இடத்திற்கு ஈடாக, இந்தி வடிவத்தில் ‘லே’ என்பதையும் உறவுப்பெயர்களையும் தமிழாகவே நிறுத்தலாம். தலைகீழாக்கப்பட்ட கலப்பு அப்போது மூலத்தின் பயனைத் தரும். எந்தச் சொல்லை நிறுத்துவது, எதனைப் பெயர்ப்பது என்பதை அகராதி கூறாது. ஒரே நாளில் அன்னையிடம் ‘லே’ கேட்டும் தெருமுனையில் ‘ரே’ கேட்டும் வளர்ந்த தாராவி இளைஞரை, வரைவு முடிந்தபின் ஒலிப்புத் திருத்த அழைக்காமல், முதல் வரைவு எழுதும்போதே உடன் அமர்த்தினால் அத்தேர்வு எளிதாகும்.