தீர்ப்பெழுதாத வழக்காடல்

1994-ல் வியன்னாவில் தொடங்கிய வில்லம் விஸ் போட்டி, சட்டம் பயிலும் மாணாக்கருக்கு அரிய பயிற்சிக் களம் என்பதில் ஐயமில்லை. 2004 முதல் ஹாங்காங்கிலும் அதற்கோர் உடன்பிறப்புண்டு. பன்னாட்டு வணிகத் தகராறு ஒன்றைக் கற்பனையாக அமைத்து, நடுவர் மன்றத்தின் முன் வாதாடச் செய்கின்றனர். ஒரே குழுவினர் வாதிக்கும் பிரதிவாதிக்கும் வாதவுரை எழுதுதல் வேண்டும். நேற்றுத் தாம் கட்டியதை இன்று தாமே இடித்தாக வேண்டும்! எதிர்த்தரப்பின் நியாயத்தை உணர்தற்கு இதனினும் நல்ல வழி ஏது?

ஆயின், புள்ளிகள் வாதத்திறனுக்கே வழங்கப்படுகின்றன; வழக்கின் நியாயம் எவர் பக்கம் என்பது அங்கே கணக்கில் வருவதில்லை. நம் பட்டிமண்டபத்தில்கூட நடுவர் இறுதியில் ஒரு முடிவு கூறுவாரன்றோ! இருதரப்பையும் கேட்டு, ஒருவரை இழப்புக்கு உள்ளாக்கும் தீர்ப்பை எழுதும் பாரம் மாணாக்கர் தோளில் ஏறுவதேயில்லை. இறுதிச் சுற்றுக்கு வரும் குழுக்களேனும் அவ்வழக்கிற்குத் தீர்ப்பொன்று எழுதித் தரவேண்டுமென விதித்தால் என்ன?