சங்கத்தின் வாசற்படி

ஒரு சங்கத்தின் வரலாறு என்று நம் கைக்கு வருவது பெரும்பாலும் வெள்ளி விழா மலர்தான். முதல் பக்கத்தில் ஸ்தாபகரின் படம். அடுத்துத் தலைவர்கள், காரியதரிசிகள், பொக்கிஷதாரர்கள் வரிசையாக. கட்டட நிதி எப்படிச் சேர்ந்தது, ஆண்டு விழாவுக்கு வந்து கௌரவித்த பெரிய மனிதர்கள் யார், எந்த வருஷம் எந்தக் கேடயம் கிடைத்தது, எல்லாம் பிசகில்லாமல் இருக்கும். ஆனால் படித்து முடித்த பிறகும் அந்தச் சங்கத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. உள்ளே இருந்தவர்களைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டால் சங்கத்தின் கதை முடிந்துவிடுமா? யாரை வாசற்படியிலேயே நிறுத்தி வைத்தார்கள் என்பதல்லவா பாதிக் கதை! அந்தப் பட்டியலை எந்த மலரும் அச்சிடுவதில்லை.

அச்சிட்ட ஒருவர் இருக்கிறார். ஸி. எல். ஆர். ஜேம்ஸ். மேற்கிந்தியத் தீவான டிரினிடாடில் 1901ல் பிறந்தவர். 1989ல் லண்டனில் காலமானார். அவருடைய 'பியாண்ட் எ பவுண்டரி' 1963ல் வெளிவந்தது. 'எல்லைக் கோட்டுக்கு அப்பால்' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அதைக் கிரிக்கெட் புத்தகம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வதனாலேயே, மட்டையும் பந்தும் பிடிக்காத நல்ல வாசகர்கள் அதைத் தொடாமல் போய்விடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் அபிப்பிராயத்தில் அது ஓர் ஊரின் கிளப்புகளைப் பற்றிய புத்தகம். கிளப்புகளின் வழியாக ஒரு சமூகத்தின் மனசைப் பற்றிய புத்தகம்.

முதல் உலக யுத்தம் முடிந்த சமயம். டிரினிடாட் பிரிட்டிஷ் காலனியாக இருக்கிறது. அடிமை வழக்கம் 1838லேயே முற்றிலும் ஒழிந்துவிட்டது. நிறத்தின் படிக்கட்டு மட்டும் ஒழியவில்லை. அந்தப் படிக்கட்டை ஜேம்ஸ் கிளப் கிளப்பாக ஏறிக் காட்டுகிறார். உச்சியில் குவீன்ஸ் பார்க் கிளப். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், பணக்காரர்கள். பெரிய பந்தயங்கள் நடக்கும் மைதானமே அவர்களுக்குச் சொந்தம். அடுத்து ஷாம்ராக், பழைய கத்தோலிக்கக் குடும்பத்து வெள்ளையர்கள். கான்ஸ்டபுலரி, போலீஸ்காரர்களுடையது, ஆடுகிறவர்கள் கறுப்பர்கள், தலைவர் வெள்ளை அதிகாரி. மேப்பிள், மாநிறக்காரர்களான மத்தியதர வர்க்கத்தினுடையது. ஷானன், பள்ளிக்கூட வாத்தியார், வக்கீல் குமாஸ்தா, அச்சாபீஸ் ஊழியர் போன்ற கறுப்பர்களுடையது. கடைசிப் படியில் ஸ்டிங்கோ; கசாப்புக்காரரும் தையல்காரரும் அன்றாடக் கூலிக்காரரும் வேலையில்லாதவரும் சேர்ந்தது.

இந்த வரிசையை எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் அது மனப்பாடம். 'உனக்கு இங்கே இடமில்லை' என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் என்னைப் பொறாமைப்பட வைக்கும் இடம் இது. நாங்கள் முந்நூறு பக்கத்தில் தடுமாறிச் சொல்வதை அவர் ஆறு கிளப்புகளின் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறார்.

இனிமேல்தான் கதை. 1918ல் ஜேம்ஸ் படிப்பை முடித்து வெளியே வருகிறார். உபகாரச் சம்பளத்தில், தீவின் பெயர் பெற்ற குவீன்ஸ் ராயல் கல்லூரியில் படித்தவர். ஆங்கில இலக்கியத்தைக் கரைத்துக் குடித்தவர். நன்றாகப் பந்து வீசுவார். நிறம் கறுப்பு. குவீன்ஸ் பார்க்கையும் ஷாம்ராக்கையும் பற்றிப் பேச்சே இல்லை. போலீஸ்காரரல்ல என்பதால் கான்ஸ்டபுலரியும் இல்லை. ஸ்டிங்கோவுக்கு இறங்கிப்போகப் படித்த படிப்பு இடம் கொடுக்கவில்லை. மிஞ்சியவை மேப்பிளும் ஷானனும்.

நிறத்தைப் பார்த்தாலும் தொழிலைப் பார்த்தாலும் ஷானன்தான் அவருக்கு உரிய இடம். ஆனால் கறுப்பர்கள் வேண்டாம் என்ற எண்ணத்திலேயே பிறந்த மேப்பிள், அவரைக் கூப்பிடுகிறது. படித்தவர், பெயர் தெரிந்தவர் என்பதால் அவருக்கு மட்டும் கதவு கொஞ்சம் திறக்கிறது. ஜேம்ஸ் தவிக்கிறார். தாம் மதிக்கும் பெரியவர் ஒருவரிடம் யோசனை கேட்கிறார். அவர் ஏறக்குறைய வெள்ளை நிறம். இந்த நிற வேற்றுமையை மனசார வெறுக்கிறவர். அவரே சொல்கிறார்: வாழ்க்கையில் நாளைக்கு நீ பழகப்போவது மேப்பிள்காரர்களுடன்தான், அங்கேயே சேர்ந்துகொள் என்று. ஜேம்ஸ் சேர்ந்துவிடுகிறார்.

என்ன நடந்துவிட்டது? யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல எண்ணத்துடன் ஒருவர் யோசனை சொன்னார். நல்ல எண்ணத்துடன் இன்னொருவர் கேட்டுக்கொண்டார். மேப்பிள்காரர்களும் துஷ்டர்களல்ல, அவருக்கு நல்ல சிநேகிதர்களாகவே இருந்தார்கள். மத்தியதரக் குடும்பத்தில் பிறந்த நம்மில் ஒவ்வொருவரும் இப்படி ஒரு சந்தா கட்டியிருப்போம். ஜேம்ஸின் பெருமை, அந்தச் சந்தாவின் விலையைக் கணக்குப் பார்த்துச் சொல்வது. சாதாரண ஜனங்களின் பக்கத்திலிருந்து தம்மை அது வெட்டிவிட்டது. தம் அரசியல் அறிவு முதிர்வதற்கு வருஷக்கணக்கில் தாமதமாயிற்று என்கிறார். வில்லன் இல்லாமல் ஒரு வீழ்ச்சியை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கத்து ஷானனை அவர் வர்ணிக்கும் பக்கங்களில் ஏக்கம் தெரிகிறது. தீவின் கறுப்பு ஜனங்கள் அத்தனை பேரின் மானமும் தங்கள் கையில் இருப்பதுபோல் அவர்கள் ஆடினார்களாம். புகழ் பெற்ற லியரி கான்ஸ்டன்டைன் ஷானன்காரர். ஜேம்ஸுக்கும் அவருக்கும் சொந்த ஊரில் நெருக்கம் வளரவில்லை. நடுவில் இரண்டு கிளப்புகள் நின்றன. கான்ஸ்டன்டைன் 1929 முதல் இங்கிலாந்தில், லங்காஷயர் நெசவுப் பட்டணமான நெல்ஸனில் ஆடினார். 1932ல் ஜேம்ஸ் அங்கே போய் அவர் வீட்டில் தங்கினார். கான்ஸ்டன்டைன் பெயரில் 1933ல் வெளியான புத்தகத்துக்கு ஜேம்ஸ் உதவினார். ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பேர் மனம் விட்டுப் பேசுவதற்கு அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்ட வேண்டியிருந்தது!

1958ல் ஜேம்ஸ் தாயகம் திரும்பி 'நேஷன்' பத்திரிகையின் ஆசிரியரானார். கறுப்பர் ஒருவரை ஒரு முழுத் தொடருக்குத் தலைவராக நியமிக்கத் தயங்கிய கிரிக்கெட் வாரியத்தை எதிர்த்து எழுதினார். 1960ல் பிராங்க் ஒரெல் தலைவரானார். இந்தப் போராட்டத்தைப் படிக்கும்போது, நாற்பது வருஷத்துக்கு முன் மேப்பிளில் கட்டிய சந்தாவுக்கு இப்போதுதான் ஈடு செய்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குறையும் சொல்ல வேண்டும். 1845 முதல் 1917 வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதிகமான இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாட் போய்ச் சேர்ந்தார்கள். நம் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களும் அவர்களில் உண்டு. கரும்புத் தோட்டத்தில் உழைத்த அந்த ஜனங்களுக்கு ஜேம்ஸ் காட்டும் படிக்கட்டில் ஒரு படி இல்லை. 1950ல், இங்கிலாந்து மண்ணில் மேற்கிந்தியர் முதல் டெஸ்ட் வெற்றி கண்ட லார்ட்ஸ் பந்தயத்தில், ரமாதின் பதினொரு விக்கெட் எடுத்தார். அவர் அந்த ஜனங்களின் வம்சத்தவர். அவருக்கு முன்னால் எத்தனை பேர் வாசற்படிக்குக்கூட வராமல் நின்றார்கள் என்பதை இந்தப் புத்தகம் சொல்வதில்லை.

பெண்களும் அப்படித்தான். ஆனால் இங்கே ஆசிரியரை அவருக்குள் இருக்கும் கதாசிரியர் காப்பாற்றிவிடுகிறார். ஆரம்பப் பக்கங்களில் ஜூடித் என்று ஓர் அத்தை வருகிறாள். ஓயாமல் உழைத்தவள். ஒருநாள் மகன் தன் சிநேகிதர்களை அழைத்து வந்து பந்தயம் ஆடுகிறான். அத்தனை பேருக்கும் ஜூடித் சமைத்து வைக்கிறாள். சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிறாள். உடம்பு சரியில்லை என்று உட்கார்ந்து மேஜைமேல் தலையைச் சாய்க்கிறாள். குனிந்து பார்த்தால் உயிர் இல்லை. 

எந்தக் கிளப்பிலும் அங்கத்தினராக இல்லாத அவளுக்கு இந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிடைத்திருக்கிறது. அந்த ஒரு பக்கத்துக்காகவாவது படித்துப் பாருங்கள். கிரிக்கெட் வார்த்தைகள் தட்டுப்பட்டால் கவலைப்படாமல் தாண்டிப் போகலாம். மனிதர்கள் அடுத்த பக்கத்திலேயே காத்திருப்பார்கள்.