இடது கட்டைவிரலின் வேலை

ஜூம் கேமராவை எண்ணை வைத்து எடைபோடுவதுதான் ஊர் வழக்கம். 30 மடங்கா, 40 மடங்கா என்று கேட்பார்கள். பெரிய எண் ஜெயிக்கும். 2012 செப்டம்பரில் கேனன் அறிவித்த பவர்ஷாட் எஸ்எக்ஸ்50 எச்எஸ் பேர் வாங்கியதும் அப்படித்தான். லென்ஸைக் கழற்றி மாட்டும் வேலையில்லாத சிறிய கேமராக்களில், 50 மடங்கு ஆப்டிகல் ஜூமை முதலில் தொட்டது அதுதான். மூன்றே ஆண்டில் நிக்கான் பி900, 83 மடங்கோடு வந்து அதை வெகுதூரம் தாண்டிப் போனது. 2018-ல் பி1000 வந்து 125 என்றது. எண் பந்தயத்தில் எஸ்எக்ஸ்50 இன்று பழங்கதை. ஆனாலும் அதை விற்க மனம் வராமல் வைத்திருப்பவர்கள், முக்கியமாகப் பறவை பார்க்கிறவர்கள், இருக்கத்தான் செய்கிறார்கள். நானும் அந்தக் கட்சி. என்னைப் பிடித்து வைத்திருப்பவை அதன் பொத்தான்கள்.

எடை 600 கிராமுக்குச் சற்றே குறைவு. வலது கை பிடிக்கும் இடம் புடைத்திருக்கும். மூன்று விரல்கள் அதில் மடங்கி உட்கார, ஆள்காட்டி விரல் தானாக ஷட்டர் பொத்தானில் போய் நிற்கும். ஷட்டரைச் சுற்றி ஜூம் நெம்பு. அதை முழுக்கத் தள்ளினால் லென்ஸ் விருட்டென்று நீளும். லேசாகத் தொட்டுத் தள்ளினால் நிதானமாக நகரும். வாங்கிப் பல மாதம் ஆனவர்கள்கூட இந்த இரண்டு வேகத்தையும் கவனித்திருக்க மாட்டார்கள். தூரத்தில் இருப்பதை எட்டிப் பிடிக்கும் வரை வேகம் வேண்டும். பிடித்த பிறகு தலையும் வாலும் வெட்டுப்படாமல் சட்டத்துக்குள் அடக்க நிதானம் வேண்டும். இரண்டையும் ஒரே விரலின் அழுத்தத்துக்குள் வைத்தது அழகான யோசனை.

இந்த லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 4.3 மில்லிமீட்டரிலிருந்து 215 மில்லிமீட்டர் வரைதான். பெரிய ஃபிலிம் கணக்கில் அதையே 24 முதல் 1200 என்று சொல்கிறோம். உள்ளே இருக்கும் சென்ஸார் அவ்வளவு பொடிசு: அகலம் 6 மில்லிமீட்டர் சொச்சம், உயரம் நாலரை மில்லிமீட்டர். அந்தப் பொடிப் பரப்பில் காட்சியின் ஒரு சிறு துண்டு மட்டும் விழுவதால்தான், கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கும் ஒரு பொருளுக்கு அவ்வளவு நீளப் பார்வை கிடைக்கிறது. முழு ஜூமில் நிலவைப் பார்த்தால் சட்டத்தின் உயரத்தில் ஏறக்குறைய பாதியை நிரப்பிக்கொண்டு நிற்கும். பள்ளங்களின் விளிம்பு நிழல் வரை தெரியும்.

தொல்லையும் அங்கேதான் பிறக்கிறது. 1200 மில்லிமீட்டரில் சட்டத்தின் மூலைக்கு மூலை பார்த்தாலும் இரண்டு டிகிரிதான். கை ஒரு நூலளவு அசைந்தால் கம்பியில் உட்கார்ந்திருந்த பஞ்சுருட்டான் திரையில் இல்லை, வெறும் வானம். மேலேயா, கீழேயா, இடமா, வலமா என்று தெரியாது. தேடத் தேட வானம்தான் வரும். பிறகு ஜூமைப் பின்னுக்கு இழுத்து, பறவையைக் கண்டுபிடித்து, மறுபடி முன்னுக்குத் தள்ளி, பழைய அளவுக்கு வருவதற்குள் அது ஒரு தும்பியைப் பிடித்துக்கொண்டு வேறு கம்பிக்குப் போயிருக்கும். நீள ஜூம் வைத்திருக்கும் எல்லோரும் அறிந்த வேதனை இது. இதற்கு ஜூம் மடங்கைக் கூட்டுவது மருந்தாகாது, நோய்தான் முற்றும்.

எஸ்எக்ஸ்50-ன் லென்ஸ் குழலுக்கு இடப்பக்கம், ஒன்றையடுத்து ஒன்றாக இரண்டு சிறு பொத்தான்கள் இருக்கின்றன. இடது உள்ளங்கை லென்ஸை அடியிலிருந்து தாங்கும்போது கட்டைவிரல் போய்ப் படியும் இடம் அது. இரண்டில் ஒன்று 'தேடு' பொத்தான். பறவை காணாமல் போனதும் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். லென்ஸ் தானாகப் பின்வாங்கிக் காட்சி அகலும். திரையின் நடுவே ஒரு வெள்ளைச் சட்டம் தோன்றும். சற்றுமுன் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த பரப்பு எவ்வளவு என்று அந்தச் சட்டம் காட்டுகிறது. மின்கம்பம் தெரிகிறது, கம்பி தெரிகிறது, கம்பியில் பச்சைப் புள்ளி தெரிகிறது. அந்தப் புள்ளி வெள்ளைச் சட்டத்துக்குள் வருமாறு கேமராவை நகர்த்திவிட்டுக் கட்டைவிரலை எடுத்தால் போதும்; லென்ஸ் தான் விட்ட அதே அளவுக்குத் திரும்பி வந்து நிற்கும். வலது கை ஜூம் நெம்பைத் தொடவே வேண்டாம். ஆள்காட்டி விரல் ஷட்டரை விட்டு எழுந்திருக்கவும் வேண்டாம்.

திரும்பிவரும் அந்த அளவைத்தான் நான் மிகவும் ரசிப்பேன். ஜூமைப் பின்னுக்கு இழுக்க எல்லா கேமராவிலும் வழி இருக்கிறது. நாம் எங்கே இருந்தோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, விரலை எடுத்ததும் அங்கேயே கொண்டுபோய் விடுவதுதான் இங்கே விசேஷம். தொலைந்தவன் பதற்றத்தில் இருப்பான், அவனுக்கு எண்களைப் பார்த்து ஜூமைச் சரிசெய்ய நேரமிருக்காது என்று யாரோ ஒரு வடிவமைப்பாளர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். வெள்ளைச் சட்டம் பெரிதாக வேண்டுமா சிறிதாக வேண்டுமா என்பதைக்கூட மெனுவில் நம்மிடமே விட்டிருக்கிறார்.

பக்கத்துப் பொத்தான் 'பூட்டு'. பறவை சட்டத்துக்குள் வந்த பிறகு அதை அழுத்திப் பிடித்தால், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு நீள ஜூமுக்கு ஏற்றபடி இறுகும். திரையில் தளும்பிக்கொண்டிருந்த காட்சி அடங்கி நிற்கும். 1200 மில்லிமீட்டருக்கு நொடியில் 1200-ல் ஒரு பங்கு ஷட்டர் வேகமாவது வேண்டும் என்பது பழைய கணக்கு. காலை வெளிச்சத்தில் அந்த வேகத்துக்கு ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டியிருக்கும். ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டினால் இந்தப் பொடி சென்ஸாரில் இறகின் நுணுக்கம் கரைந்து போகும். ஆகவே நடுக்கத்தை அடக்குவதும் இறகைக் காப்பாற்றுவதும் ஒரே காரியம். பறவை தானே அசைந்தால் மட்டும் பூட்டாலும் பயனில்லை.

பி900-லும் இதைப் போன்ற ஒரு பொத்தான் இடப்பக்கம் உண்டு. அழுத்தினால் காட்சி அகலும், விட்டால் திரும்பும். அதோடு லென்ஸ் குழலிலேயே இன்னொரு ஜூம் நெம்பும் வைத்தார்கள். போட்டிக் கம்பெனியும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது என்றால், தொல்லை அங்கேதான் இருந்தது என்று பொருள்.

இனி மேலே இருக்கும் மோடு சக்கரம். ஆட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாண வீட்டுக்குப் போதும். பி, டிவி, ஏவி, எம் என்ற நான்கும் பெரிய கேமராவிலிருந்து அப்படியே இறங்கி வந்தவை. இதில் ஏவி எனக்கு ஓர் அலங்காரமாகவே படுகிறது. அப்பெர்ச்சரை நாம் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. ஆனால் முழு ஜூமில் லென்ஸ் திறப்பதே எஃப் 6.5 வரைதான், மூடுவது எஃப் 8 வரைதான். இந்த இடைவெளிக்குள் என்னத்தைத் தேர்ந்தெடுப்பது? 8-க்கு மூடினால் வெளிச்சமும் குறையும், ஒளியின் விளிம்பு விளைவால் கூர்மையும் மங்கும். பறவைக்காரர்கள் சக்கரத்தை டிவியில் வைத்து ஷட்டர் வேகத்தைத் தாங்கள் பிடித்துக்கொண்டு, மற்றதைக் கேமராவிடம் விட்டுவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் நாமே அமைக்கும் எம் மோடுக்கு வேலை வருவது நிலவின்போதுதான். ஆட்டோவில் விட்டால் கேமரா சுற்றியிருக்கும் கறுப்பு வானத்தைப் பார்த்துப் பயந்து வெளிச்சத்தை அள்ளிக்கொட்டும். நிலவு வெறும் வெள்ளைத் தட்டாகிவிடும். நிலவு என்பது வெயிலில் காயும் ஒரு கல் பூமி. பகல் காட்சிக்கான கணக்கே அதற்கும் ஏறக்குறையப் பொருந்தும். ஐஎஸ்ஓ 100, எஃப் 6.5, ஷட்டர் நொடியில் 250-ல் ஒரு பங்கு. பௌர்ணமிக்கு இது போதும். ஆனால் பௌர்ணமியில் நிலவின் மேல் நேரே வெயில் அடிப்பதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. எட்டாம் பிறையில் எடுங்கள். ஷட்டரைச் சற்று மெதுவாக்குங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்கள் வரிசையாக எழுந்து நிற்கும்.

சக்கரத்தில் சி1, சி2 என்று இரண்டு இடங்கள் இருக்கின்றன. அவரவர் அமைப்புகளைச் சேமித்துவைக்க என்று சொல்லிக் கையேடு சாதாரணமாகக் கடந்து போகிறது. சேமிக்கும் பட்டியலில் ஜூம் இருக்கும் நிலையும் அடக்கம் என்பதுதான் அதில் ஒளிந்திருக்கும் இன்பம். முழு ஜூம், டிவி மோடு, சிறிய ஃபோகஸ் சட்டம் என எல்லாவற்றையும் வைத்து சி1-ல் சேமித்துவிட்டால், மறுநாள் காலை சக்கரத்தை சி1-க்குத் திருப்பியதும் லென்ஸ் தானாகவே நீண்டு போய் நிற்கும். சிறிய ஃபோகஸ் சட்டம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பெரிய சட்டம் பறவையை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் சுள்ளியைப் பிடித்துக்கொள்ளும். கருவேல முள்ளுக்குள் உட்கார்ந்திருக்கும் கதிர்க்குருவியை எடுக்க முயன்றவர்களுக்கு இது புரியும்.

எஸ்சிஎன் என்ற இடத்தில் ஒரு சிறிய சந்தையே இருக்கிறது. வாணவேடிக்கை, இரவுக் காட்சி, பனி என்று பல. பனி மோடு நமக்கெதற்கு என்று தள்ளிவிட வேண்டாம். வெள்ளை நிறைந்த காட்சியைக் கண்டால் எந்தக் கேமராவும் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். பனி மோடு அந்தப் புத்தியைத் திருத்தி வெள்ளையை வெள்ளையாக விடுகிறது. வேதாரண்யம் உப்பளத்தில் நண்பகலில் உப்புக் குவியலை எடுக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் கறுத்த தண்ணீரில் தனியாக நிற்கும் வெண்கொக்குக்கு நேர்மாறான வைத்தியம்: எக்ஸ்போஷரை ஒரு படி குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொக்கின் இறகெல்லாம் சுண்ணாம்பாகும்.

அதே சந்தையில் ஒரு வேடிக்கையும் உண்டு. கேமராவை மேசையில் வைத்துவிட்டுக் குழுவோடு போய் நின்று யாராவது கண்ணடித்தால், சுமார் இரண்டு நொடி கழித்து அது படம் எடுக்கும். இன்னொன்றில், புதிதாக ஒரு முகம் சட்டத்துக்குள் வந்து சேரும் வரை காத்திருக்கும். படம் எடுப்பவர் ஓடிவந்து நின்றதும் அதே இரண்டு நொடி இடைவெளி விட்டுச் சொடுக்கும். பத்து நொடி டைமரோடு போட்டி போட்டு ஓடிய சித்தப்பாக்களுக்கு இது பெரிய மரியாதை. யாருக்கும் கண்ணடித்துப் பழக்கமில்லாத வீடுகளில் முதல் மோடு கொஞ்சம் சிரமம்தான்.

விரைவாகத் தொடர்ந்து எடுப்பதற்கு, பத்துப் படங்களை நொடிக்கு 13 என்ற கதியில் எடுக்கும் மோடு இருக்கிறது. ஃபோகஸ் முதல் படத்தோடு நின்றுவிடுவதால், நேராக நம்மை நோக்கிப் பறந்து வரும் பறவைக்கு ஆகாது; குறுக்கே பறப்பதற்கு ஆகும். பறக்கும் பறவைக்கு நான் பரிந்துரைப்பது சக்கரத்திலேயே இருக்கும் விளையாட்டு மோடைத்தான்.

குறை சொல்லாமல் நயம் பாராட்டினால் அது விளம்பரம். கண்ணை வைத்துப் பார்க்கும் மின் வியூஃபைண்டர் இந்தக் கேமராவின் அவமானம். 2,02,000 புள்ளிகள் மட்டும் கொண்ட ஒரு சிறு ஜன்னல் அது. பறவையின் கண் திறந்திருக்கிறதா என்று அதில் தெரியாது. அதே 2012-ல் வந்த பானசோனிக் எஃப்இசட்200-ல் 13 லட்சம் புள்ளி வைத்தார்கள். 24 மடங்கு முழுவதும் எஃப் 2.8 திறப்பும் கொடுத்தார்கள். ஆனாலும் நீள ஜூமில் அந்த ஜன்னலைத்தான் பயன்படுத்த வேண்டும். கை நீட்டித் திரையைப் பார்த்தால் நடுக்கம் கூடும். நெற்றியில் ஊன்றினால் குறையும். திருப்பி மடக்கும் திரை அந்த ஜன்னலைவிட எவ்வளவோ மேல். தரையோடு தரையாகத் தட்டான் எடுக்கும்போது முழங்கால் மண்ணாகாமல் காப்பாற்றும். இந்த விலைக் கேமராவில் ரா கோப்பும் கொடுத்ததைக் கேனனின் பெருந்தன்மை என்றே சொல்வேன். பி900-ல் அது கிடையாது.

2014-ல் எஸ்எக்ஸ்60, 2018-ல் எஸ்எக்ஸ்70 என்று தம்பிகள் வந்துவிட்டதால், இனி எஸ்எக்ஸ்50 கிடைப்பது பழைய கேமராக் கடைகளில்தான். பார்த்தால் இப்படிச் சோதியுங்கள்: முழு ஜூம் வரை நீட்டி மடக்குங்கள், மோட்டார் சத்தம் இடையில் இழுக்கக் கூடாது. மோடு சக்கரம் ஒவ்வொரு இடத்திலும் தெளிவாக விழ வேண்டும். என்பி-10எல் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கடை வாசலில் நின்று தெருக்கோடியில் ஒரு காக்கையை முழு ஜூமில் பிடித்து, வேண்டுமென்றே தொலைத்துவிட்டு, இடது கட்டைவிரலால் தேடுங்கள். லென்ஸ் சரியாக விட்ட அளவுக்கே திரும்பினால் பேரம் பேசாமல் வாங்கலாம்.